உயிரோடு பிரித்த இலை

என்னை முதலில் கெடுத்தவன் என் கூடப்பிறந்த அண்ணன் சுயம்பு. மந்திரவாதி அவனுக்கு அடுத்துத்தான் வருவான். கேட்கிறவர்கள் இந்த வரிசையை மாற்றிவிடக் கூடாது. பிள்ளைகளுக்குச் சொன்னாலும் இதே வரிசையில் சொல்லுங்கள்.

கடல் இப்போது இருப்பதைவிட உப்பாக இருந்த காலம் அது. வெண்பாத்தி என்று ஒரு நாடு. அந்த நாட்டுக்கு ராஜா உண்டு, கோட்டை உண்டு, மரம் மட்டும் கிடையாது. உப்பு மண்ணில் என்ன முளைக்கும்? பொங்கல் வந்தால் மற்ற ஊர்க்காரர்கள் மாவிலை ஒடித்து வாசலில் தோரணம் கட்டுவார்கள். நாங்கள் எங்கே போய் ஒடிப்பது? பச்சை நூல் வாங்கி, குரோஷா ஊசியால் இலை பின்னி, ஒரு சரட்டில் சேர்த்துக் கட்டுவோம்.

வீட்டில் ஆளுக்கு ஓர் இலை. பின்னுவது யாராக இருந்தாலும் சரி, பொங்கலன்று சூரியன் கிளம்பும்போது அவனவன் இலையை அவனவன் கையால் தூக்கி வாசலில் மாட்ட வேண்டும். யார் மாட்டுகிறானோ அவன் இலை அது. அதோடு அவன் அந்த வீட்டு ஆள், அந்த ஊர் ஆள்.

ஒருவர் இறந்தால் வீட்டுக்கு மூத்தவர் அந்த இலையின் நுனியைப் பிடித்து இழுப்பார். குரோஷாப் பின்னல் முழுக்க ஒரே நூல்தானே, கண்ணி கண்ணியாக அவிழ்ந்து காம்பு வரைக்கும் வந்துவிடும். காம்பில் இருக்கும் முடிச்சை மட்டும் நகத்தால் பொறுமையாக அவிழ்க்க வேண்டும். அறுக்கக் கூடாது. அந்த நூலைக் கடல் தண்ணீரில் அலசிச் சுற்றி வைத்தால், அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு இலையாகும்.

செத்தவர் இலையை யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். உயிரோடு இருப்பவர் இலையை யாரும் பிரிக்க மாட்டார்கள். என் அண்ணன் பிரித்தான்.

உப்பளத்துக்கு அப்பால், ஆள் நடமாட்டம் இல்லாத மேட்டில் ஒரு வீடு. அதில் ஈரங்கொல்லி என்ற மந்திரவாதி இருந்தான். அவன் கையை உயர்த்தினால் மேகம் நின்றுவிடும். ஆனால் அவன் வாசலில் ஓர் இலை கிடையாது. பெண்டாட்டி பிள்ளை இல்லை, பேச்சுத் துணைக்கு ஒரு நாய்கூட இல்லை.

அந்த வருஷம் உப்பு அள்ளிக் குவித்த நேரத்தில் மழை மேல் மழையாக வந்தது. எல்லோர் குவியலும் கரைந்து ஓடியது. என் அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது ஈரங்கொல்லி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"வே சுயம்பு, ஒம் குவியல்ல மட்டும் மழை விழாமப் பாத்துக்கிடட்டுமா?"

"என்ன கேப்பீரு?"

"ஒரு இலை நூலு."

"எங்கய்யா போன வருசம் செத்தாரு. அவரு நூலு இருக்கு, எடுத்துக்கிடும்."

"செத்தவன் நூலு எனக்கு எதுக்கு? பொங்கலுக்கு எதுத்தாப்புல உக்காந்து சாப்பிட ஆளு வேணும். ஒந்தம்பி நூலக் குடு."

"அவன் உசுரோட இருக்கானே."

"அதனாலதான் கேக்கேன்."

என் அண்ணன் யோசித்தான். யோசித்தான் என்பதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. கோபத்தில் செய்திருந்தால் விட்டிருப்பேன். அவன் வானத்தைப் பார்த்தான், குவியலைப் பார்த்தான், எழுந்து வீட்டுக்குப் போனான். என் இலையின் நுனியைப் பிடித்து இழுத்தான். யாராவது வந்துவிடுவார்களோ என்ற அவசரத்தில் காம்பு முடிச்சை அவிழ்க்கவில்லை. பல்லால் கடித்து அறுத்தான்.

மழை விட்டு வெயில் அடித்தது, நான் பாத்தியில் மிச்ச உப்பை ஒதுக்கப் பலகை இழுத்துக்கொண்டிருந்தேன். பலகை கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுத்தேன், பிடிபடவில்லை. வெள்ளை உப்பின் மேல் என் நிழலைத் தேடினேன், காணோம். "ஏலே, என்னப் பாருங்கலே" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் கத்தினேன். அவர்கள் பீடி பற்றவைத்தார்கள்.

வீட்டுக்கு ஓடினேன். கதவு திறந்திருந்தது, சோறு வெந்துகொண்டிருந்தது, எனக்கு மட்டும் வழி இல்லை. வாசற்படியில் கால் ஏறவில்லை. உள்ளே அண்ணன் வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "பிச்சைக்கனி மீன் பிடிக்கப் போனான். கடல் கொண்டுட்டுப் போயிருச்சு."

ஈரங்கொல்லி என் நூலால் ஓர் இலை பின்னித் தன் வாசலில் கட்டினான். ஏற்கெனவே நான் மாட்டிய நூல், யார் கட்டினாலும் அது என் இலைதான். உடனே என் கால்கள் தானாக அவன் வீட்டுக்கு நடந்தன. அவனுக்கு மட்டும் நான் தெரிந்தேன். அவன் வீட்டுச் சாமான் மட்டும் என் கையில் பிடிபட்டது; அவனுக்குத் தண்ணீர் எடுத்தேன், கடல் ஒதுக்கிய கட்டையை விறகாகப் பிளந்தேன். பொங்கலன்று எதிரே உட்கார வைத்து வெல்லம் நிறையப் போட்டுப் பொங்கிக் கொடுத்தான்.

"நல்லாருக்கா?"

"திகட்டுது."

"சிரிச்சுக்கிட்டே சொல்லக் கூடாதா?"

"சிரிக்கதுக்கு வேற ஆளப் பாரும்."

அவன் முகம் தொங்கிப்போகும். வருஷா வருஷம் இதே பேச்சுத்தான். வேலை முடிந்ததும் தினமும் என் வீட்டு வாசலில் போய் நிற்பேன். கதவு திறந்திருக்கும், சோறு வெந்துகொண்டிருக்கும், எனக்கு மட்டும் வழி இருக்காது. அண்ணன் குவியல் மலைபோல் வளர்ந்தது. ஊரார் குவியல் கரைந்தது. அவன் வெற்றிலை போட்டுக்கொண்டு என் வழியாகத் தெருவைப் பார்ப்பான்.

பிறகு அவனுக்குக் கல்யாணம் ஆயிற்று. மதினி பெயர் செண்பகவடிவு. மாந்தோப்பு ஊர்ப் பெண். நிஜ இலையை ஒடித்தே பழகியவள், ஊசி பிடிக்கத் தெரியாது. புதுப்பெண் தன் முதல் பொங்கலுக்குத் தன் இலையைத் தானே பின்ன வேண்டும் என்றதும் மார்கழி முழுக்கப் பின்னிப் பின்னிப் பிரித்தாள். அவள் இலை வெண்டைக்காய் மாதிரி இருந்தது.

பின்னுவதைப் பழகியவள் கண் சரட்டில் இருந்த இடைவெளியில் நின்றது.

"இந்த எடம் ஏன் காலியா இருக்கு?" என்று கேட்டாள்.

"எலி கடிச்சிருச்சு" என்றான் அண்ணன்.

மறுநாளும் கேட்டாள். "நூலு பத்தல" என்றான்.

அதற்கு மறுநாளும் கேட்டாள். "ஒனக்கு வேற சோலி இல்லையா? வர்ற போகிக்கு அந்தப் பழைய சரட்டத் தீயில போட்டுட்டுப் புதுசு கட்டிக்கிடலாம்" என்றான்.

ஒரு கேள்விக்கு மூன்று பதில் வந்தால் மூன்றும் பொய் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு மந்திரம் தேவைப்படவில்லை. அண்ணன் உப்பளத்துக்குப் போனதும் முக்காலியில் ஏறி, காலி இடத்தை விரலால் தடவினாள். பல்லால் அறுத்த இடத்தில் ஒரு நூல்முனை, எறும்பளவு, முடிச்சோடு மிச்சம் இருந்தது. அவள் விரல் அதில் பட்டது. படியில் நின்று நான் வழக்கமாகப் புலம்புவது அவள் காதில் விழுந்தது.

"யாரு அது?" என்றாள். முக்காலியிலிருந்து இறங்கவில்லை, விரலையும் எடுக்கவில்லை.

"ஒங்க கொழுந்தன், மதினி. பிச்சைக்கனி."

"கொழுந்தனாரக் கடல் கொண்டுபோச்சுன்னாங்களே."

"கடல் மேல பழி போட்டா அது வந்து இல்லைன்னா சொல்லும்?"

எல்லாவற்றையும் சொன்னேன். "இந்த முனையும் தீயில போயிட்டா?" என்று கேட்டாள்.

"அப்புறம் எனக்குக் குரலும் இல்ல. இப்படியே அந்த ஆளு வீட்டுல வெறகு பொளக்க வேண்டியதுதான்."

மதினி தன் வெண்டைக்காய் இலையை முந்தானையில் முடிந்துகொண்டு அன்று பிற்பகலே மேட்டுக்கு நடந்தாள். நான் பின்னால் போனேன். ஈரங்கொல்லி வாசலில் உட்கார்ந்திருந்தான். என் இலை அவன் தலைக்கு மேலே தனியாகத் தொங்கியது.

"அந்த இலை வேணும்" என்றாள்.

"தர மாட்டேன்."

"அந்த ஆளு சிடுமூஞ்சியாமே. அத வெச்சு என்ன செய்வீரு?"

"சிடுமூஞ்சியா இருந்தாலும் ஒரு மூஞ்சி."

"எடுத்துக்கிட்டுச் சும்மா போகல. எங்கையால பின்னுன இலையத் தாரேன். மாத்திக்கிடலாம்."

அவன் கண்கள் விரிந்தன. பொங்கிப் போட ஒரு பெண், சிரித்துப் பேச ஒரு பெண் என்று அவன் நினைப்பு ஓடியது. அவள் இலை இன்னும் எந்த வாசலிலும் ஏறாத இலை, அதனால் அது இன்னும் யாருடையதும் இல்லை என்பதை அவன் கேட்கவில்லை. வீடு வாசலோடு வாழ்ந்தவனாக இருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பான். என் இலையை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, அவள் இலையை மார்போடு வைத்துக்கொண்டான்.

"பொங்கலுக்கு வருவியா?"

"சூரியன் கெளம்பையில ஒங்கையாலயே மாட்டும். மத்தது தானா நடக்கும்" என்றாள் மதினி. அவள் பொய் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து மந்திரவாதி பின்னியதை முழுக்கப் பிரித்தாள். என் நூலை அந்த எறும்பளவு முனையோடு முடிச்சுப் போட்டு, அங்கிருந்தே பின்னத் தொடங்கினாள். இந்த இலை வெண்டைக்காயாக வரவில்லை. பிறகு தனக்கும் புதிதாக ஒன்று பின்னி, பொங்கலன்று மாட்ட முந்தானையில் முடிந்துகொண்டாள்.

போகி விடியலில் தெருவே நெருப்பைச் சுற்றி நின்றது. அண்ணன் சரட்டை அறுத்து எடுத்துக்கொண்டு வந்தான். மதினி குறுக்கே நின்றாள்.

"அதுல புது இலை இருக்கு பாருங்க. புதுப்பொண்ணு பின்னுன இலையத் தீயில போடுற வழக்கம் இங்க உண்டுன்னா போடுங்க."

தெருக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் அந்த இலையைப் பார்த்தான். அவளுடையது என்றுதான் நினைத்தான். முணுமுணுத்துக்கொண்டே சரட்டைப் படியில் போட்டான். என் இலையை நெருப்பிலிருந்து காப்பாற்றியவன் அவனே. அதை அவன் தெரிந்து செய்யவில்லை, ஆகையால் கணக்கில் சேராது.

பொங்கலன்று சூரியன் கடலிலிருந்து தலை நீட்டியது. ஊருக்குள் என் நூலை மட்டும்தான் என் கையால் பிடிக்க முடியும். பிடித்தேன், தூக்கினேன், மாட்டினேன். படியில் என் நிழல் விழுந்தது. கால் உள்ளே போயிற்று. பக்கத்து வீட்டுக்காரி கையிலிருந்த கரும்பைக் கீழே விட்டாள்.

அதே நேரத்தில் மேட்டில் ஈரங்கொல்லி தன் கையால் அந்த வெண்டைக்காய் இலையை மாட்டினான். யார் மாட்டுகிறானோ அவன் இலை அது. அவன் அந்த வீட்டு ஆளாக, எங்கள் ஊர் ஆளாக ஆகிவிட்டான். ஊர் ஆள் கையை உயர்த்தினால் மேகம் நிற்குமா? பிடித்து வைத்திருந்த மழை எல்லாம் ஒன்றாக இறங்கியது. அண்ணனின் உப்பு மலை மத்தியானத்துக்குள் சேறாகிப்போனது. ஈரங்கொல்லி நனைந்துகொண்டே தெருவுக்கு வந்தான். யாரோ அவனுக்கு ஒரு கிண்ணம் பொங்கல் கொடுத்தார்கள். வெல்லம் குறைச்சல் என்றான்.

அந்த மழை எங்கள் வீட்டு மண்ணிலிருந்த உப்பைக் கழுவிக்கொண்டு போயிற்று. மதினி கொல்லையில் தின்று எறிந்த மாங்கொட்டை முளைத்தது. வெண்பாத்தியில் முதல் மரம் அதுதான். ராஜாவே வந்து பார்த்தார், அந்தத் தெருவுக்கு அவள் பெயரை வைத்தார். மதினிக்குக் கிடைத்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நான் உள்ளே வந்த அன்று அண்ணன் அடுப்படியில் நின்றிருந்தான். என் முகத்தைப் பார்த்தான். முகத்துக்குப் பின்னால் இருந்த தெருவை அன்று பார்க்க முடியவில்லை.

"வந்துட்டியா? சாப்பிடு" என்றான்.

அவ்வளவுதான். நான் சாப்பிட்டேன். 'நான்தாம்ல பிரிச்சேன்' என்ற ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன். கேட்டவர்களிடம் எல்லாம், "கடல் கொண்டுபோச்சு, கடலே கொண்டுவந்து விட்டுருச்சு" என்றான். மதினி ஒருமுறை நேருக்கு நேராகக் கேட்டாள். "எலி கடிச்சதுன்னு சொன்னேனே" என்றான்.

இப்போது அவனுக்குக் கண் மங்கிவிட்டது. கையும் நடுங்குகிறது. கஞ்சி நான்தான் கொடுக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கிண்ணத்தை வாய்க்குக் கொண்டுபோகும் முன் கொஞ்சம் நிறுத்துகிறேன், அந்த வாயிலிருந்து வருமா என்று.

நேற்றும் நிறுத்தினேன்.

"என்னலே பாத்துக்கிட்டே இருக்க?" என்றான்.

"நீ ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்துச்சுண்ணே."

அவன் யோசித்தான்.

"உப்பு பத்தல" என்றான்.