பனையடிவிளையார் ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுத்த வைபவம்

பனையடிவிளை ஆட்களைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லப் போவதில்லை. கூட்டிச் சொல்வதற்கு அவர்கள் இடம் வைத்தால்தானே!

அந்த ஊரில் பலவேசம், லிங்கதுரை, ஐகோர்ட் என்று மூன்று பேர். பெரியப்பா சித்தப்பா மக்கள். ஐகோர்ட் என்பது சாமி பேர், சிரிக்காதீர்கள். மூவரும் சேர்ந்து துறைமுகத்துச் சரக்கு ஏற்ற ஒரு லாரியும், அதன் பின்னால் மாட்டி இழுக்க ஒரு நீள ட்ரெய்லரும் வாங்கினார்கள். ஓட்டுவதற்கு ஒரு டிரைவர் வைத்திருந்தார்கள். நல்ல மனுஷன். இவர்களோடு இன்னும் கொஞ்ச நாள் இருந்தால் இந்தப் புத்தி தனக்கும் தொத்திக்கொள்ளும் என்று பயந்து, சொல்லாமல் கொள்ளாமல் குஜராத் பக்கம் போய்விட்டார்.

ஆக, மூன்று பேரில் ஒருத்தன் லைசென்ஸ் எடுத்தாக வேண்டும். அது பலவேசம் தலையில் விழுந்தது. அவனுக்குத்தான் அவசரமும் இருந்தது.

அவசரம் என்னவென்றால் அவன் மாமனார் வைகுண்டம். டிரைவிங் டெஸ்ட் நடக்கிற மைதானத்துக்கு நேர் எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவருடைய பரோட்டா கடை. “மாப்ள, நீங்க லைசென்ஸ் எடுத்தீங்கன்னா லாரி ஓட்டுங்க, சந்தோசம். மூணு தடவ பாப்பேன். மூணுலயும் கோட்ட விட்டீங்கன்னா, மருவாதயா நம்ம கடைக்கு மாவு பிசைய வந்துருங்க” என்று சொல்லிவிட்டார். மரியாதைக்குக் குறைவாக ஒரு வார்த்தை பேசத் தெரியாத மனுஷன். திட்டினால்கூட வாங்க போங்க என்றுதான் திட்டுவார்.

பலவேசம் லாரி முதலாளி என்று சொல்லித்தான் பெண் கட்டியிருந்தான். கொழுந்தியாள்கள் மூன்று பேரும் கடைக்கு வந்து போகிறவர்கள். அவர்கள் கண் முன்னால் முழங்கை வரைக்கும் மைதா அப்பிக்கொண்டு நிற்பதை நினைத்தாலே அவனுக்கு அழுகை முட்டியது. அதைவிட லாரிக்கு அடியில் படுத்துவிடலாம் என்று தம்பிமாரிடம் சொன்னான். அவர்கள் “படுக்கணும்னா வண்டிய யாரு ஓட்டுவா?” என்று நியாயமாகக் கேட்டார்கள்.

முன்னால் போவதில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. நேராகப் போவான், வளைவில் வளைவான். பின்னால் எடுப்பதில்தான் வினை.

முதல் டெஸ்டில் பிரேக் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். “கண்ணாடியப் பாத்து வண்டிய எடுய்யா” என்றார். பலவேசம் கண்ணாடியைப் பார்த்தான். பின்னால் நீளமாக ஒரு வண்டி ஒட்டிக்கொண்டே நிற்பது தெரிந்தது. பாவம், அவசரமாகப் போக வேண்டியவன் போல என்று எண்ணி, முன்னால் நகர்த்தி ஒதுங்கி வழி விட்டான். அந்த வண்டியும் ஒதுங்கியது. கையை வெளியே நீட்டி, முந்திப் போ போ என்று காட்டினான். முந்தவில்லை. மைதானத்தை முழுசாக ஒரு சுற்று சுற்றினான்.

“என்னய்யா பண்ற?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“வழி விட்டும் போக மாட்டேங்கான் சார். என்ன செய்யச் சொல்லுதீங்க?”

அது இவனுடைய ட்ரெய்லர்தான் என்று புரிய வைப்பதற்குள் இன்ஸ்பெக்டருக்குத் தொண்டை கட்டிவிட்டது. பெயில்.

டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் ஆறுமுகநயினார் தலையில் அடித்துக்கொண்டார். “அடப்பாவி, ட்ரெய்லர் வால் எந்தப் பக்கம் போகணுமோ அதுக்கு எதிர்ப்பக்கம் ஸ்டியரிங்கத் திருப்பணும். ரிவர்ஸ்ல எல்லாமே எதிர்தான். அத மட்டும் மனசுல வச்சுக்க” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. சொன்ன இடம்தான் தப்பு.

அன்றைக்கு மூன்று பேரும் லாரி நிழலில் உட்கார்ந்து அதை ஆராய்ந்தார்கள்.

“எல்லாமே எதிர்னு சொல்லிட்டாரு. அப்ப ஸ்டியரிங் மட்டும் எதிராத் திருப்புனாப் பத்தாதுல்லா?” என்றான் லிங்கதுரை.

“பத்தாது. அரைகுறையாச் செஞ்சா வண்டிக்கே கொழப்பம் வந்துரும்” என்றான் ஐகோர்ட். “பின்னால போகணும்னா என்ன செய்யணும்?”

பலவேசம் ரொம்ப நேரம் யோசித்தான். “முன்னால போகணும்.”

“சபாஷ். நிப்பாட்டணும்னா?”

“ஆக்சிலேட்டர மிதிக்கணும்.”

“இவ்வளவுதானல! இதுக்குப் போயி மக்கமாரு வருசக்கணக்குல படிக்கானுவோ!”

இரண்டாவது டெஸ்டில் இன்ஸ்பெக்டர் “பின்னால எடு” என்றார். பலவேசம் முன்னால் பாய்ந்தான். அவர் “நிறுத்து” என்றார். இன்னும் பாய்ந்தான். அவர் நிறுத்து நிறுத்து என்று கத்தக் கத்த இவன் மிதி மிதி என்று மிதித்தான். மைதானத்தில் நட்டிருந்த கம்பெல்லாம் போயிற்று, இன்ஸ்பெக்டர் உட்காரும் நாற்காலி போயிற்று, கடைசியில் ஒரு வேப்பமரம்தான் அரசாங்கத்தைக் காப்பாற்றியது. எதிர்க்கடை வாசலில் டீ கிளாஸோடு நின்று வைகுண்டம் எல்லாவற்றையும் பார்த்தார். “மாப்ள, ரெண்டு ஆச்சு” என்று மட்டும் சொன்னார். அன்றைக்கே புதுசாக ஒரு மாவுச் சட்டியும் வாங்கிப் போட்டார்.

அதைப் பார்த்ததிலிருந்து பலவேசத்துக்குச் சோறு இறங்கவில்லை.

ஆறுமுகநயினார் இந்தத் தடவை கையெடுத்துக் கும்பிட்டார். “எய்யா, நீ இனிமே யோசிக்கவே யோசிக்காத. யோசிக்கது ஒனக்கு ஆகல. பின்னாடி ஒருத்தன நிறுத்து. அவன் வா-ன்னா வா. ஹோல்டேன்னா நில்லு. ஒடின்னா ஸ்டியரிங்க ஒடி. பக்கத்துல உக்காந்திருக்கவன் என்ன கத்துனாலும் காதுல வாங்காத, அவனுக்குப் பின்னால என்ன இருக்குன்னு தெரியாது. பின்னாடி நிக்கவன் சொல்லுதது மட்டும்தான் ஒனக்கு வேதம்” என்றார்.

லிங்கதுரையைப் பின்னால் நிறுத்தினார்கள். “நீ நின்னு வா வா-ன்னு சொல்லு” என்றார் வாத்தியார். அவனும் வா, வா, வா என்று அழகாகச் சொன்னான். வண்டியும் அழகாக வந்தது. ஸ்கூல் காம்பவுண்டுச் சுவர் கிட்டத்தில் வந்தது. லிங்கதுரை வாயை மூடிக்கொண்டு ஒதுங்கி நின்றான். சுவர் விழுந்தது.

“ஏம்ல, ஹோல்டேன் சொல்ல வேண்டியதுதான?” என்றார் வாத்தியார்.

“வா-ன்னுதான சொல்லச் சொன்னீங்க. ஹோல்டேன் சொல்லணும்னா முன்னாடியே சொல்லியிருக்கணும். ஒரே ஆளு எத்தன வேலயப் பாக்க?”

அதுவும் சரிதான் என்று பட்டது மற்ற இரண்டு பேருக்கும். உடனே வேலையைப் பிரித்தார்கள். வா, ஒடி, நேராக்கு எல்லாம் லிங்கதுரை. ஹோல்டேன் மட்டும் ஐகோர்ட். ஐகோர்ட் அன்றைக்கே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பெரிய மனுஷனாக நடக்க ஆரம்பித்துவிட்டான். தினமும் உப்பளத்துப் பொட்டலுக்குப் போய்ப் பழகினார்கள். ஆச்சரியம் பாருங்கள், வந்துவிட்டது! யோசிக்காமல் ஓட்டினால் பலவேசம் நல்ல டிரைவர். ட்ரெய்லரை நூல் பிடித்த மாதிரி கொண்டுவந்து நிறுத்தினான். அவன் முகத்தில் ரத்தம் ஊறியது.

அப்போதுதான் வாத்தியார் வந்து, டெஸ்டில் பின்னால் ஆள் நிற்கக்கூடாது, மைதானத்துக்குள் டிரைவரும் இன்ஸ்பெக்டரும் மட்டும்தான் என்றார். சொல்லிவிட்டு, காய்ச்சல் என்று வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டார். எழுந்திருக்கிற உத்தேசம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

பலவேசம் உடைந்து போனான். “போச்சு. மாவுதான் எனக்கு எழுதியிருக்கு” என்று தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“ஆளுதான நிக்கக்கூடாது? கொரலு நிக்கலாம்லா?” என்றான் லிங்கதுரை.

அந்த ஊருக்கு அது பெரிய அறிவு. லிங்கதுரையின் போனில் பதிந்து, பஜனை மடத்து ப்ளூடூத் ஸ்பீக்கரை ட்ரெய்லர் வாலில் கட்டி, அதில் போட்டுவிட்டால் குரல் பின்னாலிருந்துதானே வரும்? வாத்தியார் வாக்கும் தப்பாது. பொட்டலில் ஒரு ஓட்டம் ஓட்டி, போனைக் கையில் வைத்துக்கொண்டே லிங்கதுரை பதிந்தான். வா வா, ரைட்ல ஒடி, நேராக்கு, வா வா. நடுவில் ஒரு ஆடு குறுக்கே வந்தது. “ஏல நில்லு, ஆடு! ஆடு! ...ஆங், போயிட்டு. வா வா.” அதுவும் பதிந்தது. வண்டி நிற்க வேண்டிய இடம் வந்ததும், தன் வேலை முடிந்தது என்று லிங்கதுரை போனை அணைத்துவிட்டான்.

“ஹோல்டேன்?” என்று கேட்டான் பலவேசம்.

“அது என் பொறுப்பு” என்றான் ஐகோர்ட். “அத இவன் போன்ல பதிஞ்சா நாளைக்கு எல்லாம் நான்தான் சொன்னேன்னு இவன் ஊரெல்லாம் சொல்லுவான். என் போன்ல தனியாப் பதிஞ்சு வச்சிருக்கேன். பயப்படாத.”

“பாட்டு பாதியில தீந்துட்டுன்னா?”

“தீரவே தீராது. திரும்பத் திரும்பப் பாடுத மாதிரி வச்சிருக்கேன்” என்றான் லிங்கதுரை.

மூன்றாவது டெஸ்ட் நாள் வந்தது. இன்ஸ்பெக்டர் ட்ரெய்லரைச் சுற்றி வந்து ஸ்பீக்கரைப் பார்த்தார். “இது என்னய்யா?”

“பின்னால எடுக்கும்போது சத்தம் போடும் சார்.”

“ரிவர்ஸ் ஹாரனா? பரவாயில்லையே, இதையாவது ஒழுங்கா மாட்டியிருக்கே” என்று வண்டியில் ஏறினார். ஏறும்போது வேலிக்கு வெளியே நின்ற தம்பிமாரைப் பார்த்து, “டெஸ்ட் முடியற வரைக்கும் எவனும் மூச்சு விடக்கூடாது. போன் சத்தம்கூடக் கேக்கக்கூடாது” என்று விரலைக் காட்டினார். லிங்கதுரை பாட்டைத் தட்டிவிட்டு உதட்டை இறுக்கிக்கொண்டான். ஐகோர்ட் தன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுப் பட்டனையும் மாட்டினான்.

வா வா என்றது பின்னால் ஸ்பீக்கர். இன்ஸ்பெக்டர் திடுக்கிட்டார். பலவேசம் ரிவர்ஸ் கியரைப் போட்டான். ரைட்ல ஒடி என்றது, ஒடித்தான். நேராக்கு என்றது, ஆக்கினான். ஒரு கம்பிலும் படவில்லை. திடீரென்று வண்டி நின்றது.

“ஏன்யா நிறுத்துன?”

“ஆடு சார்.”

இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார். ஆடும் இல்லை, குட்டியும் இல்லை. “எங்கய்யா?”

“போயிட்டு சார்” என்று பலவேசம் மறுபடி எடுத்தான். அளந்து வைத்த மாதிரி ட்ரெய்லர் கட்டத்துக்குள் போய் உட்கார்ந்தது. எதிர்க்கடை வாசலில் நின்ற வைகுண்டத்துக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. “எம் மாப்ளயாக்கும்!” என்று பரோட்டா மாஸ்டரிடம் சொன்னார்.

“போதும், பாஸ். நிறுத்து” என்றார் இன்ஸ்பெக்டர்.

பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர் சொல்வதை வேதமாகக் கொள்ள பலவேசம் என்ன முட்டாளா? பின்னால் பாட்டு முதலிலிருந்து தொடங்கியது. வா வா. வண்டி கட்டத்தைத் தாண்டியது. ரைட்ல ஒடி. ட்ரெய்லர் மைதானத்து கேட்டுக்கு நேராகத் திரும்பியது. நேராக்கு. கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தது. “நிறுத்துய்யா! டேய் நிறுத்துடா!” என்று இன்ஸ்பெக்டர் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினார். பலவேசம் அசரவில்லை. நடுரோட்டில் ஆடு வந்தது, வண்டி நின்றது. தப்பித்தோம் என்று இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தார். ஆங், போயிட்டு. வா வா. காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

வேலி ஓரத்தில் ஐகோர்ட் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். கண் பிதுங்கியது. ஆனாலும் மூச்சு விடவில்லை. சொல்லுக்குக் கட்டுப்பட்டவன்.

கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சால்னா கிண்ணத்தோடு வெளியே ஓடினார்கள். மாஸ்டர் கரண்டியைப் போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கமாகப் பாய்ந்தார். வைகுண்டம் மட்டும் நகரவில்லை. தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, வாசலில் ஒரு ஓரமாக நின்று, முகமெல்லாம் பல்லாக, “வாங்க மாப்ள, வாங்க, வாங்க” என்றார். ட்ரெய்லர் வால் முன்பந்தலைச் சாய்த்தது, ஸ்பீக்கரை நசுக்கியது, கல்லாப் பெட்டியைத் தூக்கியது, பரோட்டாக் கல்லில் முட்டி நின்றது. பாட்டு அத்தோடு நின்றது.

மாவு மூட்டை வெடித்து ஊரே வெள்ளையானது.

இன்ஸ்பெக்டர் இறங்கி ரோட்டில் உட்கார்ந்தார். சட்டையில் அப்பியிருந்த மாவைத் தட்டினார். “கட்டத்துக்குள்ள நல்லாத்தான் எடுத்த. ஆனா கோட்டத் தாண்டிட்ட. பெயில்.”

டெஸ்ட் முடிந்துவிட்டதால் ஐகோர்ட் வாயைத் திறந்தான். “ஏன் மாமா, பின்னாடி நின்னது நீங்கதான? ஒரு ஹோல்டேன் போட்டிருக்கக்கூடாதா?”

தலையிலிருந்து கால் வரைக்கும் மைதாவாக நின்ற வைகுண்டத்துக்குக் கோபம் வந்துவிட்டது. “பேசுதீங்களே, பேச்சு! வாசலுக்கு வார மாப்ளயப் பாத்து நில்லுன்னு சொல்லச் சொல்லுதீங்களா? நாலு பேரு என்ன நெனப்பான்? எங்க பரம்பரையில அப்படி ஒரு பழக்கம் கெடையாது.”

எல்லாரும் யோசித்தார்கள். நியாயம்தான் என்று பட்டது. இன்ஸ்பெக்டர்கூடத் தலையாட்டினார்.

பலவேசம் இன்னும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடிதான் உட்கார்ந்திருந்தான். இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. பெயில் என்ற வார்த்தை காதில் விழுந்து, மனசு விட்டுப்போய், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். கண்ணீர் வழிந்தது.

“மாமா, மூணாவதும் போச்சு. சொன்ன சொல்லு மாற மாட்டேன். மாவு பிசைய வரவா?”

மருமகன் அழுவதைப் பார்த்து வைகுண்டத்துக்கு மனசு கேட்கவில்லை.

“அதென்ன மாப்ள கேள்வி? இது ஒங்க கடை. கூச்சப்படாம உள்ள வாங்க!”

பலவேசம் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கண்ணாடியைப் பார்த்தான். உள்ளே வந்தான்.