கணவா முதுகுல இருக்கிற வெள்ளைப் பலகை

அந்தக் காலத்துல மீனு, நண்டு, நாரை எல்லாத்துக்கும் பேச்சு இருந்துச்சு. மனுஷனுக்கும் அதைக் கேக்குற பொறுமை இருந்துச்சு. அப்போ யவன தேசத்துக் கடல்ல ஒரு கணவா மீன் இருந்தா. இப்போ கணவா வாங்கி அறுத்தா முதுகுக்குள்ள வெள்ளையா ஒரு ஓடு வரும்ல, கிளிக்கூண்டுல செருகி வைப்பாங்களே, அது அப்போ கிடையாது. வயித்துல மைப்பையும் கிடையாது. வழுவழுன்னு ஒரு சீவன், அவ்வளவுதான். "ஏ கந்தல் துணி, எங்கே கிளம்பிட்டே?"ன்னு நண்டுங்க கேலி பண்ணும். ஆனா கண்ணு பெருசு. எதையும் நின்னு பாப்பா.

அந்தக் கரையில தெல்லிஸ்னு ஒருத்தன் தனியா குடிசை போட்டுக் கிடந்தான். ஒரு காலத்துல ஏழு கப்பலுக்குத் தலைவன். அவன் ஏன் அங்கே வந்தான்னு சொல்லணும்னா ஆட்டுக் கதையைச் சொல்லணும்.

அவங்க ஊர்ல ஒரு வழக்கம். கப்பல் கிளம்புறதுக்கு முன்னாடி ஆடு வெட்டி ஈரலைப் பாப்பாங்க. ஈரல் சுத்தமா இருந்தா பாய் விரிக்கலாம். கறை இருந்தா கரையிலேயே கிடக்கணும். ஒருத்தன் பக்கத்துத் தீவுக்குப் பொண்ணு பாக்கப் போறேன்னு வருஷக்கணக்கா ஈரல் பாத்துக்கிட்டே இருந்தானாம். கடைசியா போய் இறங்குறப்போ அந்தப் பொண்ணு பேரனை இடுப்புல வச்சுக்கிட்டு நிக்குதாம். அது கிடக்கட்டும்.

ஒரு தடவை எதிரிங்க வந்து அவங்களோட உறவுக்காரத் தீவைச் சுத்தி வளைச்சுட்டாங்க. "மூணு நாள்தான் தாங்குவோம், சீக்கிரம் வாங்க"ன்னு ஆள் வந்துச்சு. தெல்லிஸ் கப்பலை இறக்கிட்டான். ஊர்த்தலைவர் மிர்ட்டோன் ஆட்டை வெட்டச் சொன்னாரு. ஈரல்ல கறை. "பொறு தம்பி, நாளைக்குப் பாப்போம்." மறுநாள் ரெண்டாவது ஆடு. அதுலயும் கறை. மூணாவது நாள் மூணாவது ஆடு, ஈரல் பளபளன்னு இருந்துச்சு. போய்ச் சேந்தா தீவுல வீடெல்லாம் சாம்பல். தப்பிச்ச நாலு பேரு எதிர்த்தீவுல ஒதுங்கியிருந்தாங்க.

ஊர் கொதிச்சுது. "இவன்தான் தாமதம் பண்ணான்"னு மிர்ட்டோன் கையை நீட்டிட்டாரு. ஊரை விட்டே துரத்திட்டாங்க.

தெல்லிஸ் அழுதுக்கிட்டு உக்காரல. ஒரு பலகைக்குச் சுண்ணாம்பு பூசினான். புகைக்கரியும் பிசினும் குழைச்சு மை பண்ணான். "இந்தச் சண்டையில நடந்ததை நடந்தபடி எழுதுறேன்"னு ஆரம்பிச்சான். தன் ஊர் ஆளுங்களைக் கேட்டான், எதிரி ஆளுங்களையும் கேட்டான். யாரு வந்தாலும் ஒரே கேள்விதான்: "நீயே பாத்தியா, இல்ல யாராவது சொன்னாங்களா?"

நண்டு வந்துச்சு. "நான் நூறு வீரனைக் கிள்ளினேன்!"

"நீயே எண்ணுனியா?"

"...பத்து இருக்கும்."

"பத்தா?"

"ஒருத்தன். அவனும் தூங்கிக்கிட்டிருந்தான்."

தெல்லிஸ் அதை அப்படியே எழுதிட்டான். நண்டுக்கு வந்த கோவத்துல ஒரு வாரம் நேரா பாக்கவே இல்ல, பக்கவாட்டுலயே போச்சு. அதுக்கு வேற கதை இருக்கு, விடுங்க.

கணவா மட்டும் தினமும் வருவா. "அண்ணே, ஆடு வெட்டுன மூணு நாளும் உங்க கப்பலுக்கு அடியிலதான் இருந்தேன். காத்திருன்னு அந்தப் பெரியவர் சொன்னதைக் கேட்டேன். நீங்க சரின்னு தலையாட்டுனதையும் பாத்தேன்."

தெல்லிஸ் மையைத் தொட்டான். அப்புறம் எழுதினான்: மூணு ஆடு வெட்டினோம். காத்திருன்னு மிர்ட்டோன் சொன்னார். சரின்னது நான்.

இருபது வருஷம் போச்சு. அவன் எழுதுற சேதி எப்படியோ ஊருக்குப் போயிருச்சு. ஒரு நாள் காலையில மிர்ட்டோனே படகுல வந்து இறங்கினாரு, ரெண்டு தடியனுங்களோட.

"தம்பி, உங்கம்மாவுக்குக் கண்ணு மங்கிருச்சுப்பா. வாசல்ல யாரு நடந்தாலும் தெல்லிஸாங்குறா. இன்னைக்கே என்கூட வந்துடு. என் பேர் இருக்கிற அந்த ஒரு வரியை மட்டும் அழிச்சுடு."

தெல்லிஸ் படகைப் பாத்தான். அதுல அவனுக்குன்னு ஒரு இடம் காலியா இருந்துச்சு.

"பெரியவரே, உங்க பேரை எடுத்தா என் பேரையும் எடுக்கணும். ரெண்டையும் எடுத்தா ஆட்டு மேலதான் பழி விழும். அந்தத் தீவுல செத்தவங்க ஈரலால சாகல. நாம நின்னதால செத்தாங்க. அழிக்க மாட்டேன்."

"அம்மாவை நினைச்சுப் பாருடா!"

"நினைச்சுத்தான் சொல்றேன். என்னைப் பொய் சொல்ல வேணாம்னு வளத்தவங்க அவங்க."

மிர்ட்டோன் கண்ணைக் காட்டினாரு. தடியனுங்க பாஞ்சாங்க. தெல்லிஸ் பலகையையும் மைக்கலயத்தையும் தூக்கிக் கடல்ல எறிஞ்சான். "கணவா, பத்திரம்!"

"எங்கேண்ணே வைப்பேன்? எனக்கு மடியா இருக்கு?"ன்னு கத்தினா கணவா. ஆனா நிக்கல. முதுகுத் தோலைக் கிழிச்சுப் பலகையை உள்ளே சொருகிக்கிட்டா. வலியில உயிரே போற மாதிரி இருந்துச்சு. கலயத்துல வாயை வச்சு மை முழுக்க ஒரே மூச்சுல குடிச்சுட்டா. ஒருத்தன் குதிச்சு அவ காலைப் பிடிச்சான். அவ பயந்த பயத்துல வயித்துல இருந்த மை பீச்சிக்கிட்டு வந்துச்சு. தண்ணியெல்லாம் கறுப்பு. அவன் கண்ணைக் கசக்கிக்கிட்டு நிக்குறப்போ அவ எதிர்த்தீவுக்குப் போயே போய்ட்டா.

அங்கேதான் தப்பிச்சவங்க இருந்தாங்க. கணவா கரையோரம் வந்து கிழிஞ்ச முதுகைக் காட்டினா. அவங்க ஒவ்வொரு எழுத்தாப் பாத்துக் கல்லுல வெட்டி வச்சாங்க. "எங்களை மறந்துட்டாங்கன்னு நினைச்சோமே"ன்னு ஒரு கிழவி அந்தக் கல்லைத் தடவித் தடவி அழுதா. பலகையை வெளியே எடுக்கலாம்னு பாத்தா, அது தோலோட ஒட்டிப்போச்சு. அப்புறம் எழுத்தை உப்புத்தண்ணி தின்னுருச்சு. வரி போட்ட தடம் மட்டும் மிச்சம்.

தெல்லிஸ் வீட்டுக்குப் போகவே இல்ல. மிர்ட்டோன் படகு மறைஞ்சதும் இன்னொரு பலகை எடுத்துச் சுண்ணாம்பு பூசினான். முதல் ஆட்டுல இருந்து திரும்ப ஆரம்பிச்சான்.

அன்னையிலேருந்துதான் கணவா முதுகுல வெள்ளைப் பலகையும் வயித்துல மையுமா அலையுறா. யாராவது பிடிக்க வந்தா முதல்ல மையைத்தான் எடுக்குறா. கந்தல் துணின்னு கேலி வாங்குன அவ மட்டும் அன்னைக்குக் கொண்டுபோகலேன்னா, ஊரே மறைச்ச மூணு ஆட்டுக் கதை இன்னைக்கு நமக்கு எப்படித் தெரியும்?