மீட்டர் சொன்ன தாய்மாமன்

நெடுங்கரைப்பட்டிக்காரர்களைப் பற்றி யார் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், ஒரு விஷயத்தில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். அடுப்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனால், பால் பொங்கி வழிந்து தரையெல்லாம் ஓடினாலும் அடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பாலைப் பார்க்கச் சொல்லவில்லையே.

அந்த ஊர் தவசிலிங்கத்துக்கு ஒரே தங்கை, வள்ளிமயில். நூறு கிலோமீட்டர் தள்ளி கொட்டாம்பாறையில் வாக்கப்பட்டவள். எட்டு வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற பெண் குழந்தைக்கு வருகிற வெள்ளிக்கிழமை காதுகுத்து. காலை ஆறு மணிக்கு மேல் ஏழரைக்குள் முகூர்த்தம். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். தவசிலிங்கத்தை விட்டால் அந்தக் குழந்தைக்கு வேறு மாமன் கிடையாது.

வள்ளிமயில் போனில் அழுதாள். "அண்ணே, எங்க அத்தை இப்பவே ஆரம்பிச்சிருச்சு. உங்கண்ணன் எங்க நேரத்துக்கு வரப்போறாரு, என் தம்பி மடி சும்மாதானே இருக்குன்னு சொல்லுது. நீ மட்டும் வரலேன்னா நான் இந்த வீட்டுல தலைநிமிர்ந்து நடக்க முடியாதுண்ணே."

தவசிலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "உயிர் இருந்தா வந்துருவேன் தாயி" என்றார். உயிர் இருக்கிறதா என்று ஒரு தடவை நெஞ்சில் கைவைத்துப் பார்த்துக்கொண்டார். இருந்தது.

ஆனால் அவருக்கு ஒரு ரோஷமும் இருந்தது. போன தடவை வளைகாப்புக்குப் போனபோது, வீட்டில் இடமில்லை என்று தங்கையின் மாமியாரான சம்பந்தியம்மாள் அவரை மாட்டுக்கொட்டகையில் படுக்கவைத்துவிட்டாள். இனிமேல் கொட்டாம்பாறைக்குப் போனால் சொந்த வீட்டில்தான் தங்குவேன் என்று அன்றைக்கே சபதம் போட்டிருந்தார். அதற்காகவே, சினிமாக்காரர்கள் ஓட்டித் தேய்த்துக் கழித்துப் போட்ட ஒரு கேரவனை வரதன் என்பவரிடம் வாங்கினார். கட்டில், மின்விசிறி, முகம் பார்க்கிற கண்ணாடி எல்லாம் உண்டு. எஞ்சின் மட்டும் கிடையாது. ஜீப்பின் பின்னால் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

வரதன் நல்ல மனுஷன். ஜீப்பின் பழைய மீட்டரையும் பழுதுபார்த்து, பூஜ்யத்தில் வைத்துக் கொடுத்தார். கையோடு புத்தியும் சொன்னார். "வயசான வண்டிண்ணே. ஒரு நாளைக்கு அம்பது கிலோமீட்டர் போங்க, போதும். அதுக்கு மேல ஒரு அடிகூட வேணாம். மூணு மணி ஆச்சுன்னா எங்க இருக்கீங்களோ அங்கேயே நிறுத்திருங்க. வெளிச்சத்துலேயே சமைச்சுச் சாப்பிட்டுப் படுத்துரணும்."

நூறு கிலோமீட்டருக்கு ரெண்டு நாள். புதன் கிளம்பினால் வியாழன் போய்ச் சேரலாம். தவசிலிங்கம் விரல் விட்டு எண்ணிப் பார்த்துத் திருப்திப்பட்டார். ஜீப் ஓட்ட மச்சினன் சன்னாசி வந்தான். யோசனை சொல்ல பெரியப்பா மகன் உலகப்பன் வந்தார். எட்டாம் வகுப்பை நாலு வருஷம் நிதானமாகப் படித்தவர் என்பதால் ஊரில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. கையில் கடிகாரம் கட்டியிருந்ததும் அவர் ஒருவர்தான்.

புதன்கிழமை சீர்த்தட்டுகளை ஏற்றி, கட்டி, எதையோ மறந்து, அவிழ்த்து, மறுபடி கட்டிக் கிளம்பும்போது மணி மூன்றாக ரெண்டு நிமிஷம். ஜீப் வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கியது. கேரவன் இன்னும் வாசலுக்குள்தான் இருந்தது.

"நிறுத்து. மணி மூணு" என்றார் உலகப்பன்.

சன்னாசி நிறுத்தினான். மூவரும் இறங்கிக் கேரவனில் ஏறிக்கொண்டார்கள். கல்லடுப்பு வைத்துச் சமைக்க விறகு தேடினார்கள். தவசிலிங்கத்தின் மனைவி ராக்கு, வீட்டுக்குள்ளிருந்து சோற்றுச் சட்டியோடு வந்தாள்.

"வீட்டுக்குள்ள வந்து படுங்களேன்" என்றாள்.

"பிரயாணத்துல இருக்கோம் ராக்கு. கண்ட வீட்டுல படுக்கக் கூடாது" என்றார் தவசிலிங்கம். அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். ஆனாலும் குழம்பு நன்றாக இருந்தது. இந்த ஊர்ச் சாப்பாட்டைக் குறை சொல்ல முடியாது என்று மூவரும் பேசிக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை காலை சரியாக ஆறு மணிக்கு வண்டி கிளம்பியது. கேரவன் ஒரு பள்ளத்துக்கு ஒரு தடவை முனகினாலும் பின்னாலேயே வந்தது. வழியில் ரெண்டு இடத்தில் டீ குடித்தார்கள். பதினொரு மணி வாக்கில் ஒரு ரயில்வே கேட்டைக் கடக்கும்போது, மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்த உலகப்பன் கையை உயர்த்தினார்.

"அம்பது."

சன்னாசி எஞ்சினை அணைத்தான். ஜீப் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. கேரவன் தண்டவாளத்தின் மேல் நின்றது.

கேட்காரர் கொடியோடு ஓடிவந்தார். "என்னய்யா பண்றீங்க? இன்னும் பத்து நிமிஷத்துல பாசஞ்சர் வந்துரும். எடுங்கய்யா வண்டியை."

"நாளைக்குக் காலையில எடுத்துருவோம்" என்றார் தவசிலிங்கம் மரியாதையாக. "இன்னைக்குள்ளது முடிஞ்சுபோச்சு."

"என்ன முடிஞ்சுபோச்சு?"

"அம்பது கிலோமீட்டர். அதுக்கு மேல ஒரு அடிகூட வேணாம்னு வரதன் சொல்லியிருக்காரு."

கேட்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "இருபது அடி முன்னால எடுத்தாப் போதுமய்யா. உங்க வீடு தண்டவாளத்து மேல நிக்குது."

"ஒரு அடியே ஆகாதுங்கிறோம், நீங்க இருபது அடி கேக்குறீங்க" என்றார் உலகப்பன். "நியாயமா பேசுங்க."

தூரத்தில் ரயில் ஊதியது. கேட்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. ஆனால் அவர் எத்தனையோ வருஷமாகக் கேட்டில் நின்று எத்தனையோ விதமான ஆட்களைப் பார்த்தவர். "சரி, முன்னால போக வேணாம். பின்னால போகக் கூடாதுன்னு சொன்னாரா உங்க வரதன்?" என்று கேட்டார்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்படி அவர் சொல்லவில்லை. சன்னாசி ரிவர்ஸ் கியரைப் போட்டான். கேரவனும் ஜீப்பும் தண்டவாளத்தை விட்டு இறங்கி, கேட்டைத் தாண்டி, சாலையோரப் புளியமரம் வரைக்கும் பின்னால் போயின. பாசஞ்சர் தடதடவென்று கடந்து போயிற்று. கேட்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தவசிலிங்கத்துக்கு ரயில் போனது பெரிதாகத் தெரியவில்லை. அவருக்குத் தங்கை முகம்தான் கண்ணில் நின்றது. நேற்றைய ஒரு நாள் வாசலிலேயே போய்விட்டது. இன்றைக்கு உள்ளதும் முடிந்துவிட்டது. நாளைக்குக் காலை கிளம்பினால் ஏழரைக்குள் எப்படிப் போவது? சம்பந்தியம்மாளின் தம்பி வேட்டியை மடித்துச் சம்மணமிட்டு உட்காருவதை நினைத்துப் பார்த்தார். "என் மருமக இன்னொருத்தன் மடியிலயா உக்காரணும்?" என்று வாய்விட்டே அழுதுவிட்டார்.

அப்போதுதான் சன்னாசி சொன்னான். "மாமா, மீட்டரைப் பாருங்க. நாப்பத்தொம்பதுன்னு காட்டுது."

உலகப்பன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். நாற்பத்தொன்பதுதான். மீட்டரை விரலால் ரெண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்தார்.

"முன்னால போனா ஏறுது. பின்னால போனா இறங்குது. அப்படின்னா பின்னால போறது செலவே இல்ல, வரவு. கொட்டாம்பாறை இங்கேருந்து அம்பது கிலோமீட்டர். பின்னாலேயே போனா வரதன் பேச்சையும் மீறினதா ஆகாது, ஊரும் போய்ச் சேந்துரலாம்."

"பின்னால போனா நம்ம ஊருதானண்ணே வரும்?" என்றார் தவசிலிங்கம்.

"வண்டியைத் திருப்பி நிறுத்திட்டுப் பின்னால போனா?"

தவசிலிங்கம் எழுந்து உலகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டார். படித்தவன் படித்தவன்தான்.

பக்கத்துக் களத்தில் வண்டியைத் திருப்பினார்கள். ஜீப்பின் மூஞ்சி நெடுங்கரைப்பட்டியைப் பார்க்க, கேரவனின் முதுகு கொட்டாம்பாறையைப் பார்க்க, ரிவர்ஸில் பயணம் தொடங்கியது. கேரவன் முன்னால் போக ஜீப் பின்னாலிருந்து தள்ளியது. கேரவன் மறைத்ததால் சன்னாசிக்குச் சாலை தெரியவில்லை. ஆகவே உலகப்பன் ஜீப்பின் படியில் தொங்கிக்கொண்டு, கேரவனைத் தாண்டி எட்டிப் பார்த்து வழி சொன்னார். கேரவன் சொன்ன பக்கம் போகாமல் தன்னிஷ்டத்துக்கு வளைந்தது. ஒரு தடவை வாழைத்தோப்புக்குள் போய்விட்டு வந்தது. ஒரு தடவை ஒரு டீக்கடைப் பந்தலை முட்டுகிற அளவுக்கு நெருங்கியதால், வந்தது வந்தோம் என்று இறங்கி டீ குடித்தார்கள்.

ஒரு போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்தினார். "எங்கேருந்து வர்றீங்க?"

தவசிலிங்கம் ஜீப் பார்த்திருந்த திசையைக் காட்டினார்.

"எங்க போறீங்க?"

கேரவன் பார்த்திருந்த திசையைக் காட்டினார். போலீஸ்காரர் ஜீப்பைப் பார்த்தார், கேரவனைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். போங்க என்று மட்டும் சொன்னார்.

பாதி வழியில் மணி மூன்றாகிவிட்டது. எங்கே இருக்கிறோமோ அங்கேயே நிறுத்த வேண்டும். தவசிலிங்கம் கலங்கிப்போய் உலகப்பனைப் பார்த்தார். உலகப்பன் கலங்கவில்லை.

"வண்டி பின்னால போகுது, மீட்டர் பின்னால போகுது, கடிகாரம் மட்டும் முன்னால போனா அது என்ன நியாயம்?" என்று சொல்லி, கடிகாரத்தின் திருகைப் பிடித்தார். மீட்டர் ஒவ்வொரு எண்ணாக இறங்க இறங்க, அவர் முள்ளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் திருகிக்கொண்டே வந்தார்.

பொழுது சாயும் நேரத்தில் கேரவனின் முதுகு கொட்டாம்பாறைக்குள் நுழைந்தது. வள்ளிமயில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவந்தாள். "எங்கண்ணன் வந்துட்டாரு" என்று மாமியார் காதில் விழும்படி சொன்னாள். தவசிலிங்கம் பூரித்துப்போய் ஒரு காலைக் கீழே வைத்தார்.

"காலை எடு" என்றார் உலகப்பன். "மீட்டரைப் பாரு."

பூஜ்யம்.

"கடிகாரத்தைப் பாரு."

மணி ஆறு.

"பூஜ்யத்துல, ஆறு மணிக்கு, நாம எங்க இருந்தோம்?"

"நம்ம வீட்டு வாசல்ல" என்றார் தவசிலிங்கம். அவர் முகம் வாடிவிட்டது. "அப்ப நாம இன்னும் கிளம்பவே இல்லையாண்ணே?"

"மீட்டர் பொய் சொல்லுமா?"

"வள்ளி நிக்குதே."

"அண்ணனைக் காணோமேன்னு அதுவே தேடி வந்திருக்கு. பாசமுள்ள பிள்ளை."

வள்ளிமயில் எட்டி மீட்டரைப் பார்த்தாள். அவளும் நெடுங்கரைப்பட்டியில் பிறந்தவள்தானே. கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் வந்தது. "அப்ப நீ வரலையாண்ணே?" என்றாள். தவசிலிங்கம் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். "அழாத தாயி. எப்படியும் விடியிறதுக்குள்ள வந்துருவேன்" என்றார். ராத்திரி மூவரும் கேரவனிலேயே படுத்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள். காது குத்துகிற ஆசாரி ஊசியோடு உட்கார்ந்துவிட்டார். ஏழு மணி ஆகியும் மாமனைக் காணோம். சம்பந்தியம்மாளின் தம்பி புது வேட்டி கட்டிக்கொண்டு பாயில் வந்து உட்கார்ந்தார். குழந்தையை அவர் மடியில் வைத்ததுதான் தாமதம், ஊரே கேட்கும்படி வீறிட்டது. வாழைப்பழம் காட்டினார்கள், கிலுகிலுப்பை ஆட்டினார்கள், எதற்கும் மசியவில்லை.

வள்ளிமயில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வருகிறாரா என்று பார்க்க ஊர் எல்லைப் பாலத்துக்கு ஓடினாள். சொந்தபந்தங்களும் பின்னாலேயே போனார்கள். எல்லோருக்கும் முன்னால் அங்கே தவசிலிங்கம்தான் கண்ணுக்குமேல் கையை வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்து நின்றார்.

"இன்னும் ஆளைக் காணோமே" என்றார் அவர் கவலையாக. "குழந்தையைக் கொடு தாயி. உனக்குக் கை வலிக்கும்."

குழந்தை அவரிடம் தாவி, பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தவரின் மடியில் வாகாக உட்கார்ந்துகொண்டு சட்டைப் பித்தானைக் கடித்தது. அழுகை நின்றது. அப்போது மணி ஏழே கால். ஆசாரி வேற்றூர்க்காரர், விவரம் தெரிந்தவர். பாலத்துக் கட்டை அருகில் மண்டியிட்டு, இந்தக் காதில் ஒன்று, அந்தக் காதில் ஒன்று என்று கண்மூடித் திறப்பதற்குள் குத்திவிட்டார். மேளம் கொட்டியது. சம்பந்தியம்மாள் தம்பியைக் கூப்பிட்டு, வீட்டுக்குப் போய்ப் பாயைச் சுருட்டி வைக்கச் சொன்னாள்.

தவசிலிங்கம் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தார். காதில் துளிர்த்த ரத்தத்தைத் துண்டால் ஒற்றி எடுத்தார்.

"போகட்டும் விடு தாயி, மனசைத் தளரவிடாத" என்றார் தங்கையிடம். "ஒரே தங்கச்சி, ஒரே மருமக, அதுக்குக்கூட நேரத்துக்கு வந்து மடி கொடுக்கத் தெரியாதவன் என்ன பெரிய தாய்மாமன்? வரட்டும் அந்த ஆளு, ஊருக்குள்ள காலை வைக்க விடமாட்டேன்."