தூணோரத்து இலை

மாசிலாமணிக்குப் பிள்ளைகள் இரண்டு. மூத்தவன் அறவாழி, தெருமுனையில் பேசினால் வீட்டில் கேட்கும். இளையவள் செவ்வந்தி, வீட்டில் இருக்கிறாளா இல்லையா என்று அறைக்குள் எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

"ரெண்டையும் ஒரே மாதிரிதான் வளர்த்தேன்" என்பது மாசிலாமணியின் பெருமை. மின்வாரியத்தில் வேலை. எல்லா வீட்டுக்கும் ஒரே வோல்டேஜ்தான் போகணும் என்பார். சைக்கிள் வாங்கினால் இரண்டு, நிறம்கூட ஒன்றுதான். டியூஷனுக்கு ஒரே சார். கராத்தேக்கு ஒரே வகுப்பு. செவ்வந்தி மூன்றாம் நாளே அங்கே சுவரோரமாகப் போய் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகும் மனுஷர் நான்கு வருஷம் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவந்தார். மகனுக்குச் செய்ததை மகளுக்குச் செய்யாமல் விட்டார் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது பாருங்கள்!

அறவாழி இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். செவ்வந்திக்கு இந்த வருஷம் கவுன்சிலிங். பௌர்ணமியன்று காலையில் மாசிலாமணி பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். மனைவி மரகதம் வாசலுக்கு வந்தாள்.

"மடத்துக்கா?"

"ஆமா. காலேஜ் லிஸ்டைச் சாமி கையில கொடுத்து வாங்கிட்டு வந்துர்றேன். சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள லாக் பண்ணணும். அதுக்கப்புறம் ஒரு எழுத்தை மாத்த முடியாது. ஓடிபி என் போனுக்குத்தான வரும்."

"அவகிட்ட கேட்டீங்களா?"

"மூணு நாளா கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன்? லிஸ்டைக் கையில கொடுக்கிறேன். பாக்குறா. மடிச்சு என் மேஜையிலேயே கொண்டுவந்து வச்சிர்றா."

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும்தான். பிடிச்சிருக்குன்னுதான அர்த்தம்?"

"எனக்கு என்னமோ அப்படித் தெரியலைங்க."

"உம் மகனைப் பாரு. கம்ப்யூட்டர்தான் வேணும், கோயம்புத்தூர்தான் வேணும்னு வீட்டையே ரெண்டாக்கினான். சேர்த்துவிட்டோம். இவளுக்கும் வாய் இருக்குல்ல? தொறந்து சொல்லட்டும்."

"அவன் அவன்தான். இவ இவதான். அவனை அடக்கத் தெரியாம முழிச்சோம். இவளைப் பேச வைக்கத் தெரியாம முழிக்கிறோம்."

"நான் ஒண்ணும் முழிக்கலை" என்று சொல்லிவிட்டு மாசிலாமணி வண்டியைக் கிளப்பினார்.

மடம் சிறுமலை அடிவாரத்தில் இருக்கிறது. சாமிக்கு மாசிலாமணியைவிட எட்டு வயசு குறைவு. காவி கட்டுவதற்கு முன்னால் கல்யாண வீடுகளில் பந்தி விசாரிக்கும் வேலை. எந்த இலையில் என்ன குறைகிறது என்று பார்த்துக்கொண்டே நடப்பாராம். ஒரு நாள் அதையெல்லாம் விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தார். வந்தும் பந்தியை விட்டாரா? அதுதான் இல்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மதியம் முந்நூறு பேருக்குச் சாப்பாடு.

மடத்துக்குச் சில ஒழுங்குகள் உண்டு. சாமியிடம் கேள்வி கேட்க வருகிறவர் முதலில் பரிமாற வேண்டும். பரிமாறுகிறவர் செருப்பு, வாட்ச், போன் மூன்றையும் கிணற்றடிக் கூடையில் போட்டுவிட வேண்டும். வருகிறவர்கள் நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது, இடம் இருந்தால் உட்கார்ந்துவிட வேண்டும். சாப்பிடுகிறவர் வாய் பேசக் கூடாது. இலை காலியாகாமல் எழுந்திருக்கக் கூடாது. கடைசி இரண்டையும் பலகையில் எழுதிச் சுவரில் மாட்டியிருந்தார்கள்.

மாசிலாமணி ஒன்பது வருஷமாக வந்து போகிறவர். சாமி சொன்னால் சொன்னதுதான் அவருக்கு. லிஸ்டை நீட்டினார்.

"சாமி, மகளுக்குக் காலேஜ். உங்க கையால தொட்டுக் கொடுத்தா போதும்."

சாமி வாங்கிப் பார்த்தார். அறுபத்திரண்டு காலேஜ், வரிசையாக. மேலே பெயர் இருந்த இடத்தில் வெள்ளை மை தடவி, அதன்மேல் பேனாவால் 'செவ்வந்தி' என்று எழுதியிருந்தது. சாமி தாளை வெயிலுக்கு நேராகப் பிடித்தார். வெள்ளைக்கு அடியில் 'அறவாழி' தெரிந்தது.

"இது மகன் லிஸ்ட்டாண்ணே?"

"அவனுக்குப் போட்டதுதான் சாமி. நல்லா அலசி ஆராய்ஞ்சு போட்டது. மகளுக்கு மட்டும் குறைச்சலா போடுவேனா?"

"மகள் என்ன சொல்லுது?"

"அதுதான் சாமி என் கேள்வியே. ஒருத்தன் கேட்டு வாங்குறான். ஒருத்தி வாயே தொறக்க மாட்டேங்கிறா. வாயே தொறக்காத பிள்ளை மனசுல இருக்கிறதை எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

சாமி தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"பந்தி ஆரம்பிக்கப் போகுது. சாம்பார் சாதம் வாளி உங்களுக்கு."

மாசிலாமணி போனில் மூன்றரை மணிக்கு அலாரம் வைத்து, கூடையில் போட்டார். வேட்டியை மடித்துக் கட்டினார். வாளியைத் தூக்கினார்.

அவர் பரிமாறுகிற அழகே அழகு. ஒரு இலைக்கு ஒரு கரண்டி, தலை தட்டி. மறு சுற்றில் இன்னொரு கரண்டி, அதுவும் தலை தட்டி. கிழவர், குழந்தை, காடு கழனியில் வேலை பார்த்துவிட்டு வந்தவர் என்ற பேதமே இல்லை. முதல் பந்தி முடிந்தது. இரண்டாம் பந்தி முடிந்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. மூன்றாம் பந்தியில் அவர் பார்வை வாளிக்கும் இலைக்கும் நடுவில் மட்டுமே இருந்தது.

மறு சுற்று வந்தபோது தூணோரத்து இலைக்கு மேலே ஒரு கை விரிந்து மறைத்துக்கொண்டு நின்றது.

"அட, கையை எடுங்க. எல்லாருக்கும் ரெண்டு கரண்டி."

கை நகரவில்லை.

"கூச்சப்பட்டா வயிறு நிறையுமா?" என்றார் மாசிலாமணி. கரண்டியைக் கவிழ்த்தார். சூட்டுச் சாதம் கொஞ்சம் விரல்மேல் விழுந்தது. கை சடாரென்று விலகியது. மீதி இலையில் விழுந்தது. அவர் அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

பந்தி ஓய்ந்ததும் கை கழுவிவிட்டுச் சாமிக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"எப்படிண்ணே பரிமாறினீங்க?"

"ஒரு இலையை விடலை சாமி. ஒருத்தருக்கு ஒரு பருக்கை கூடவும் இல்லை, குறையவும் இல்லை."

"தூணோரத்து இலைக்கு?"

"அதுக்கும் போட்டேனே."

"கேட்டாங்களா?"

"வாய் பேசக் கூடாதுன்னு நீங்கதான வச்சிருக்கீங்க?"

"கை?"

மாசிலாமணி யோசித்தார். "கையை வச்சு மறைச்சாப்ல இருந்துச்சு. கூச்சம்னு நினைச்சேன். விரல்ல லேசாப் பட்டிருச்சு."

"யாரு அது?"

"முந்நூறு பேர்ல யாருன்னு கண்டேன் சாமி? இலையைப் பார்த்துப் போடுவேனா, மூஞ்சியைப் பார்ப்பேனா?"

"ஆம்பளையா, பொம்பளையா?"

மாசிலாமணிக்குச் சொல்லத் தெரியவில்லை. அது அவருக்கே கொஞ்சம் வெட்கமாகப் போயிற்று.

"சரி, போய் அந்த இலையை எடுத்துட்டு வாங்க" என்றார் சாமி.

கூடம் காலியாக இருந்தது. மற்ற இலைகளை எடுத்துத் தரையையும் பெருக்கியாயிற்று. தூணோரத்து இலையில் மட்டும் ஆள் இருந்தது. பச்சைச் சுடிதார், குனிந்த தலை. ஒரு வாய் சாதம், ஒரு மடக்குத் தண்ணீர் என்று விழுங்கிக்கொண்டிருந்தாள் அந்தப் பெண். இடது கையை மடியில் மல்லாத்தி வைத்திருந்தாள். இரண்டு விரல் சிவந்து கிடந்தது. மணிக்கட்டில் ஒரு கறுப்புக் கயிறு.

அந்தக் கயிறு அவர் கட்டியது. ரிசல்ட் வருவதற்கு முந்தின நாள் கோயிலிலிருந்து கொண்டுவந்து, அவரே முடிச்சுப் போட்டார்.

"செவ்வந்தி?"

அவள் நிமிர்ந்தாள்.

"நீ எப்பம்மா வந்த?"

"மூணாம் பந்திக்கு. போன் போட்டோம், நீங்க எடுக்கலை. அம்மாதான் பஸ் ஏத்திவிட்டுச்சு. அஞ்சு மணிக்குள்ள நீயே போய்ச் சொல்லிருன்னுச்சு. வந்தவுடனே உக்காரச் சொல்லிட்டாங்க."

"நான்தானேம்மா பரிமாறினேன். ரெண்டு தடவை உன் முன்னாடி வந்தேன். பேசக் கூடாதுன்னா என்ன, மெதுவா அப்பான்னு ஒரு வார்த்தை..."

"கையை வச்சேன்ப்பா" என்றாள் செவ்வந்தி.

மாசிலாமணி அந்தச் சிவந்த விரல்களைப் பார்த்தார். மேஜைமேல் மூன்று முறை மடித்து வைத்திருந்த தாள் ஞாபகத்துக்கு வந்தது. கராத்தே வகுப்பில் சுவரோரமாக உட்கார்ந்திருந்த எட்டு வயசுப் பிள்ளையும் ஞாபகத்துக்கு வந்தாள். இலைக்கு எதிரே அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கண் கலங்கியதை மறைக்கவும் இல்லை.

"போதும், எந்திரிம்மா."

அவள் சுவரில் இருந்த பலகையைப் பார்த்தாள். இலையில் இன்னும் பாதிக் கரண்டி இருந்தது.

சாமி பின்னாலேயே வந்து தூணில் சாய்ந்து நின்றிருந்தார்.

"இலை காலியாகாம எந்திரிக்கக் கூடாதுண்ணே."

"பிள்ளைக்கு முடியலை சாமி."

"வச்சது யாரு?"

"நான்தான்."

"இலை காலியாகணும்னுதான் பலகையில எழுதியிருக்கு. யாரு சாப்பிடணும்னு எழுதலையே."

மாசிலாமணி சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இலையைத் தன் பக்கம் திருப்பி இழுத்தார். சாதம் ஆறிப்போய் விறைத்திருந்தது. ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டார்.

பிறகு சட்டைப்பையில் இருந்த லிஸ்டை எடுத்து, நான்காக மடித்து, சாமியின் காலடியில் வைத்தார்.

"உனக்கு என்னம்மா படிக்கணும்?"

செவ்வந்தி வாயைத் திறந்தாள். மறுபடி மூடிக்கொண்டாள். சிவந்த விரலை நீவினாள்.

கிணற்றடிக் கூடையில் அலாரம் அடிக்க ஆரம்பித்தது.

"சொல்லும்மா, மூணரை ஆயிருச்சு" என்றார் மாசிலாமணி. பழக்கம் எங்கே போகும்? "அஞ்சு மணிக்கு மூடிருவான். எதுவானாலும் பரவாயில்லை. கம்ப்யூட்டர் வேணாமா, வேற சொல்லு. உங்க அண்ணன்கூட அன்னைக்கு..."

சாமி குனிந்தார். காலியான இலைக்கு மேலே தன் கையை விரித்து, கவிழ்த்துப் பிடித்தார்.

மாசிலாமணி அந்தக் கையைப் பார்த்தார். சொல்ல வந்ததைப் பாதியில் நிறுத்தினார்.

அலாரம் அடித்து அடித்துத் தானே ஓய்ந்தது. அவர் கூடைப் பக்கம் திரும்பவில்லை. மகள் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.