நீர் விளிம்பில் ஒரு கை

முடிவில் ஒரு கேள்வி வைப்பேன். உச்சுக் கொட்டிவிட்டு எழுந்துபோகக் கூடாது. பதில் சொல்ல வேண்டும்.

தூத்துக்குடியில் ஒரு காப்பகம். வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி விற்கப்பட்டு, பிறகு மீட்கப்பட்ட பதினான்கு சிறுமிகள் அங்கே இருந்தார்கள். "இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு இனி எடம் கெடையாது" என்றார் வீட்டுக்காரர். சொல்ல நாக்குக் கூசவில்லை. காப்பகத்தை நடத்திய ரெஜினாள் மீனவர் வீட்டுப் பெண். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிவரை நீந்திக் காட்டி, ஊரிடம் உதவி கேட்கப் போவதாக ஒரு கூட்டத்தில் அறிவித்தாள். உப்பள முதலாளி ஒருவர் மேடையிலேயே வாக்குக் கொடுத்தார்: "விதிப்படி நீந்திக் கரையேறினா, பூட்டிக் கெடக்கிற என் வீட்டப் பிள்ளைங்களுக்கு எழுதித் தாரேன்."

விதி கறாரானது. நீந்துகிறவர் படகைத் தொடக் கூடாது. அவரையும் யாரும் தொடக் கூடாது. கஞ்சியைக்கூடக் கயிற்றில் கட்டித்தான் இறக்குவார்கள். கடைசி அலையைத் தாண்டி, ஈரமில்லாத மணலில் தானாக ஏறி நிற்க வேண்டும்.

அந்தப் பதினான்கு பேரில் ஒருத்தி இசக்கி. பேருந்து நிலையத்தில் ஒரு பெண் அன்பாகக் கையைப் பிடித்துத்தான் அவளை அழைத்துப் போயிருந்தாள். மீண்டு வந்த இரண்டு வருடங்களில் இசக்கி யாரிடமும் கை கொடுத்ததில்லை. தட்டைத் தரையில் வைத்துவிட்டு விலகினால்தான் எடுப்பாள். ரெஜினாள் நீந்திப் பழகும்போது கரையில் தனியாக உட்கார்ந்து பார்ப்பாள். ஒருமுறை கேட்டாள்:

"அக்கா, ஒங்கள யாராச்சும் தொட்டுட்டா?"

"தோத்துருவேன்டி."

இசக்கிக்கு அது நல்ல விதி என்று தோன்றியிருக்க வேண்டும், லேசாகச் சிரித்தாள்.

அந்த நாளும் வந்தது. பத்து மணி நேரம் கடல். படகு பக்கத்திலேயே வந்தது, பேச்சும் கேட்டது. ஆனாலும் தொட முடியாத துணையைத் துணை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீரோட்டம் ரெஜினாளை, மாலையோடு கூட்டம் காத்திருந்த இடத்திலிருந்து வெகுதூரம் தள்ளிக் கொண்டுபோனது. கூட்டத்துக்குப் பயந்து ஒதுங்கியிருந்த இசக்கி மட்டுமே அந்தப் பக்கக் கரையில் இருந்தாள்.

முழங்கால் நீரில் ரெஜினாள் எழுந்தாள், விழுந்தாள். மறுபடி எழுந்தாள், விழுந்தாள். கரைக்குப் பத்தடி. இசக்கி தண்ணீருக்குள் ஓடி வந்து கையை நீட்டினாள்.

ரெஜினாள் அதைப் பிடித்துக்கொண்டாள். "எந்திரிக்கத் தெம்பு இருந்துச்சு. அந்தக் கை நீண்டதப் பாத்ததும் வீடு ஞாபகத்துக்கே வரல" என்று பிறகு சொன்னாள்.

ஆழம் போதாமல் தள்ளி நின்ற படகில் நடுவர் கோமதிநாயகம், ஓய்வுபெற்ற நீச்சல் ஆசிரியர், எல்லாவற்றையும் பார்த்தார்.

"கண்ணு மங்கிருச்சுன்னு விட்ருங்க சார். யாருக்குத் தெரியப் போவுது?" என்றார் படகோட்டி.

அவர் பதிவேட்டைத் திறந்து முதலில் நேரத்தைக் குறித்தார். பிறகு எழுதினார்: 'கரைக்குப் பத்தடி இருக்கையில் ஒரு சிறுமி கை கொடுத்தாள். நீச்சல் செல்லாது.' வீடு கைநழுவிப் போயிற்று.

தோற்பாள் என்று தெரிந்தும் கை நீட்டிய இசக்கி, பதினான்கு பேரின் கூரையை விட்டு அந்தக் கையைப் பிடித்த ரெஜினாள், ஊர் பார்க்காததை எழுதிவைத்த கோமதிநாயகம். இந்த மூவரில் யார் செய்தது சரி?

என் பதில்: எழுதியவர். மற்ற இருவரும் சரியா தப்பா என்று பார்க்கவில்லை. ஒருத்தி விழுந்தாள், ஒரு கை நீண்டது, அவ்வளவுதான். யோசிக்க நேரம் இருந்தது அவருக்கு மட்டுமே. யாரும் தொடவில்லை என்று எழுதியிருந்தால் வீடு கிடைத்திருக்கும். ஆனால் இரண்டு வருடம் கழித்து இசக்கி நீட்டிய கை, நீளவே இல்லை என்றாகியிருக்கும். அதையும் அவள் யாரிடமும் சொல்லாமல் மறைக்க வேண்டியிருக்கும். மறைக்க அவளிடம் ஏற்கெனவே எவ்வளவோ இருந்தது. பிள்ளைகள் இப்போது ஒரு பழைய ஐஸ் கம்பெனிக் கொட்டகையில் நெருக்கிப் படுக்கிறார்கள். முதலாளி வீடு இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. வரும் பங்குனியில் ரெஜினாள் மறுபடியும் கடலில் இறங்குகிறாள். இந்த முறை எங்கே நின்று கை நீட்ட வேண்டும் என்று இசக்கி இடம் பார்த்து வைத்திருக்கிறாள்: ஈரமில்லாத மணலில்.