எட்டுக் கம்பி வானம்

குழந்தையைப் பார்க்க வருகிற சொந்தக்காரர்களை வாசலோடு திருப்பி அனுப்புகிற வீட்டை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? தஞ்சாவூர் கீழவாசலில் ஒரு வீடு அப்படி இருந்தது. வீட்டு மனிதர்கள் நல்லவர்கள்தான். யார் வந்தாலும் காப்பி கொடுக்காமல் அனுப்பமாட்டார்கள். திருப்பி அனுப்பியது அவர்களுடைய குடை.

கறுப்புக் குடை. எட்டுக் கம்பி, வளைந்த பிடி. கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

அந்த வீட்டுப் பெண் நிறைமதி கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு தூறலில் நனைந்துவிட்டாள். சளி நெஞ்சில் கட்டி, ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தாள். வந்த அன்றைக்கே அவள் அம்மா பூங்கோதை கடைக்குப் போய் இந்தக் குடையை வாங்கினாள். ஆணியில் மாட்டும்போது அதனிடம் சொன்னாள்: "இனிமே எம் பொண்ணு தலையில ஒரு சொட்டு விழக்கூடாது. நீதான் பாத்துக்கணும்."

சும்மா சொன்னதுதான். எரியாத அடுப்பை நாம் திட்டுவதில்லையா, அதுபோல. ஆனால் குடை அதைச் சத்தியமாக எடுத்துக்கொண்டது.

பூங்கோதை வீட்டில் அடைந்து கிடக்கிறவள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் தூக்குவாளியில் புளிச்சோற்றை அடைத்துக்கொண்டு, பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள். பெரிய கோயில், சிவகங்கைப் பூங்கா, திருவையாற்றுப் படித்துறை, கல்லணை. பஸ் போகிற இடமெல்லாம் அவளுக்குப் பக்கத்து வீடு மாதிரி.

குடையும் கூடவே போகும். வெயிலென்றால் விரியும். தூறலென்றால் விரியும். மேகம் கூடினால் "வந்துடப் போவுது" என்று விரியும். ஒன்றுமே இல்லாவிட்டால் பனி இறங்கும் என்று விரியும். பூங்கோதை வெயிலில் நின்று கறுப்பாள், மழையில் நின்று நனைவாள். குடை மட்டும் பெண்ணின் தலைக்கு நேராகவே இருக்கும்.

குடைக்கு ஒரு பயம் உண்டு. அந்த வீட்டுப் பரணில் இன்னொரு குடை கிடந்தது. எப்போதோ காற்றில் புரண்டு கம்பி ஒடிந்ததாம். அன்று மேலே போனது, பிறகு இறங்கவே இல்லை. ஆணியில் தொங்கும்போதெல்லாம் அதன் துருப்பிடித்த முனை கண்ணில் படும். விரிந்திருந்தால் பாப்பா பக்கத்தில் இருக்கலாம், புரண்டுவிட்டால் பரண். குடைக்குத் தெரிந்த நியாயம் அவ்வளவுதான்.

ஒரு ஆடி மாதம், கல்லணையில், ஆடிக்காற்று வந்தது. தாய்மாமன் மாதிரி, வரும்போதே சத்தம்.

"எங்கடா எம் மருமவ? அம்மாந்தூரத்திலேருந்து வர்றேன். வெறுங்கையோட புள்ளயப் பாக்கலாமா, அதான் மேகத்த ஓட்டிக்கிட்டு வந்திருக்கேன். அந்தா, யானை மாதிரி ஒண்ணு. படகு மாதிரி ஒண்ணு. விலகு, காட்டிட்டுப் போறேன்."

"பாப்பாவுக்குத் தூசி ஆகாது மாமா," என்றது குடை. "அந்தப் பக்கமாப் போங்க."

"மாமனையே அந்தப் பக்கமாப் போகச் சொல்றியா?"

காற்று அடியில் புகுந்து ஒரு தள்ளு தள்ளியது. எட்டுக் கம்பியும் முனகின. பூங்கோதை இரண்டு கையாலும் பிடியைப் பற்றிக்கொண்டாள். பாதி புரண்ட குடை, பல்லைக் கடித்துக்கொண்டு பழைய நிலைக்கு வந்தது.

காற்று கையை எடுத்துவிட்டது. "ஒடிச்சிட்டான்னு பேரு எனக்கு வேணாம்ப்பா. நீயே வச்சுக் காபந்து பண்ணு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது.

யானையும் படகும் மட்டும் அணைக்கு மேலே நிதானமாகப் போயின. குடை அவற்றை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது.

பூங்கோதையின் மறு கையில் தொங்கிய தூக்குவாளி கேட்டது: "மாமன் கொண்டாந்த சீரு யாருக்குப்பா போச்சு?"

"எல்லாம் பாப்பாவுக்குத்தான். அவ சார்புல நான் வாங்கிக்கிட்டேன்," என்றது குடை.

ஐப்பசியில் மழை வந்தாள். அத்தைக்காரி. சொட்டுப் பிள்ளைகள் ஒரு கூட்டம் கூட, சிவகங்கைப் பூங்காவுக்கே வந்துவிட்டாள்.

"ஒரே ஒரு சொட்டு. மூக்கு நுனியில வச்சுட்டுப் போயிடறேன். சிரிக்குதா அழுவுதான்னு பாக்கணும்."

"ஒரு சொட்டு கூடாதுன்னு உத்தரவு அத்தை."

"நீ என்னடா, கோட்டை வாசலா? கைநெறய கொண்டாந்துட்டேனே, இதையெல்லாம் எங்க வைக்கட்டும்?"

"என் முதுகுல வச்சுட்டுப் போங்க."

மழை வைத்தாள். தாளம் போட்டுப் போட்டு வைத்தாள். குடைக்கு முதுகெல்லாம் கிச்சுக்கிச்சு மூட்டியது போல இருந்தது. இப்படி ஒரு சுகம் உலகத்தில் உண்டா என்று நினைத்தது. பாப்பாவுக்கும் இப்படித்தான் இருக்கும் என்றும் நினைத்தது.

மார்கழிப் பனி கூச்சக்காரி. பெரிய கோயில் புல்தரையில் விடியற்காலம் தள்ளியே நின்றாள். குடை முறைத்தது. கொண்டுவந்த முத்துகளைக் குடையின் ஓரத்தில் ஒவ்வொன்றாகக் கோத்துவிட்டுப் போய்விட்டாள்.

பங்குனி மாதம் அந்தி வெயில் வந்தார். பெரியப்பா முறை. அதே கோயிலில் விமானத்துக்குக் கீழேயிருந்து உச்சிவரைக்கும் பொன் பூசிக்கொண்டிருந்தவர், குழந்தையைக் கண்டதும் வேலையை நிறுத்தினார்.

"ஒரு குண்டுமணித் தங்கம். கன்னத்துல வச்சுட்டுப் போறேன்."

"வேணாம் பெரியப்பா, கறுத்துடுவா."

"அந்தி வெயில்ல எவண்டா கறுத்தான்?" அவர் சிரித்தார். "போகட்டும். நீ கறுத்தவன்தானே, நீ வச்சுக்க."

குடையின் கறுப்பு முதுகு கொஞ்ச நேரம் பொன்னாக இருந்தது. அது பெருமையில் இன்னும் விறைப்பாக விரிந்துகொண்டது.

கீழே நிறைமதியின் செருப்புகள் தங்களுக்குள் பேசிக்கொண்டன.

"இந்தப் பொண்ணு ஏன் எப்பவும் நம்மளயே பாத்துக்கிட்டு நடக்குது?"

"வேற என்னத்தப் பாக்கும்?"

குடைக்கு அது காதில் விழவில்லை. அது மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

ஆனி பிறந்து பள்ளிக்கூடம் திறந்தார்கள். ஆடி தொடக்கத்தில் ஒருநாள் நிறைமதி பள்ளிக்கூடம் விட்டு வந்து, கூடத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு கறுப்புக் கிரையானால் தாளைத் தேய்த்தாள். பூங்கோதை பக்கத்தில் உட்கார்ந்து அரிவாள்மணையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னடி அது, மாட்டுவண்டிச் சக்கரமா?"

"வானம்மா. மிஸ் வரைஞ்சுட்டு வரச் சொன்னாங்க."

பூங்கோதை எட்டிப் பார்த்தாள். வட்டமாகக் கறுப்பு. நடுவிலிருந்து ஓரம்வரைக்கும் எட்டு வெள்ளைக் கோடுகள்.

"வானம் எங்கடி இப்படி இருக்கு?"

"நாம போற எல்லா எடத்துலயும்தான். கல்லணையிலயும் இதே வானம். பூங்காவுலயும் இதே வானம்."

பூங்கோதைக்குச் சிரிப்பு வந்தது. "பெரிய கோயில் பொன்னு மாதிரி மின்னுச்சே, பாத்தல்ல?"

"பாத்தேனே. அதுக்கு ரெண்டு படி, ஒரு கதவு, அப்பறம் நந்தியோட காலு."

"மேல கோபுரம்?"

நிறைமதி யோசித்தாள். "மேல வானம்மா," என்று தாளைக் காட்டினாள்.

அரிவாள்மணையில் அவரைக்காய் பாதியில் நின்றது. பூங்கோதை கொஞ்ச நேரம் தாளையே பார்த்தாள். பிறகு எழுந்து போய், சோற்றுப் பருக்கை நாலை நசுக்கித் தடவி, கதவுக்கு எதிர்ச் சுவரில் அதை ஒட்டினாள். மிஸ்ஸுக்கு வேறொன்று வரைந்து கொடு என்று சொல்லிவிட்டாள்.

கதவுக்குப் பின்னால் ஆணி. ஆணியில் குடை. கதவைச் சாத்தினால் எதிரே படம்.

குடை முதலில் சாதாரணமாகத்தான் பார்த்தது. அப்புறம் கோடுகளை எண்ணியது. தன் கம்பிகளையும் எண்ணியது. பிறந்ததிலிருந்து அது தன் உள்பக்கத்தைப் பார்த்ததே இல்லை.

"இது நான்தானா?" என்றது.

அலமாரியில் கவிழ்ந்து கிடந்த தூக்குவாளி சொன்னது: "நீயேதான். நல்லா வந்திருக்கு. பிடியைத்தான் விட்டுட்டா."

"யானை எங்க? படகு எங்க? அத்தை வச்ச சொட்டு, பெரியப்பா வச்ச தங்கம், ஒண்ணுகூட இதுல இல்லயே. நான் பாத்ததெல்லாம் அவளும் பாத்தான்னுதானே இருந்தேன்."

"அவ எப்படிப் பாக்க முடியும்? உன் முதுகு மேல இருக்கு, அவ கண்ணு கீழ இருக்கு. எனக்காவது சோறு போடறப்ப மூடியத் தெறக்கறாங்க. அந்த நேரத்துல நானும் ஒரு வாய் வானம் தின்னுக்கறேன்."



"நனைஞ்சா சளி பிடிக்குமே," என்றது குடை.

"பிடிக்கும்தான். பெருமழைன்னா விரி, உச்சி வெயில்னா விரி. யாரு வேணாம்னா? எல்லாத்துக்கும்ல விரிஞ்சுக்கற."

"நானாவா விரியறேன்? நானா மடங்கவும் முடியாதே. கை மடக்கினாத்தானே மடங்குவேன்."



ஆடிப்பெருக்கு வந்தது. பூங்கோதை சித்ரான்னமெல்லாம் கிளறித் தூக்குவாளியில் அடைத்தாள். நிறைமதிக்குச் சின்னச் சப்பரம் ஒன்று, வண்ணத்தாள் ஒட்டியது, கயிறு கட்டி ரெடியாக இருந்தது. கிளம்பும்போது பூங்கோதை சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தாள். லேசாக மேகம். கை ஆணிக்குப் போனது, திரும்பி வந்தது, மறுபடியும் போனது.

"சளி புடிச்சா யாரு பாக்கறது," என்று தனக்கே சொல்லிக்கொண்டு குடையை எடுத்துவிட்டாள்.

திருவையாற்றுப் படித்துறையில் கால்வைக்க இடமில்லை. காவேரி இரண்டு கரையும் தொட்டு ஓடினாள். பெண்கள் காப்பரிசி வைத்துப் படைத்துவிட்டு ஒருவர் கழுத்தில் ஒருவர் மஞ்சள் நூல் கட்டிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் கரையெல்லாம் சப்பரம் இழுத்தார்கள். நிறைமதியும் இழுத்தாள். பின்னாலேயே பூங்கோதை குடையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பெண்ணின் கண் சப்பரத்தின் சக்கரத்திலும் தன் செருப்பிலுமே இருந்தது.

அப்போது அக்கரைத் தென்னைகள் ஆடின. ஆடிக்காற்று வந்துகொண்டிருந்தது. இந்த வருஷம் பெரிய சீர்: மயில் மாதிரி ஒரு மேகம், தேர் மாதிரி ஒன்று, தேருக்குப் பின்னால் ஊர் ஜனம் மாதிரி பொடிப்பொடியாக எத்தனையோ. ஆற்றைத் தாண்டும்போது காற்று கறுப்புக் குடையைப் பார்த்துவிட்டது. பார்த்ததும் சத்தத்தைக் குறைத்துக்கொண்டது.

"பயப்படாத. உன்கிட்ட வம்புக்கு வரல. ஓரமாப் போயிடறேன்," என்று வேறு படித்துறைப் பக்கம் திரும்பியது.

குடை பரணை நினைத்தது. துருப்பிடித்த அந்த முனையை நினைத்தது. கீழே சப்பரத்தின் சக்கரம் கடகடவென்று உருண்டுகொண்டிருந்தது. மேலே மயில் தோகையை விரிக்கத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கலைந்துவிடும்.

"மாமா," என்று குடை கூப்பிட்டது.

காற்று நின்றது. "என்னடா?"

"இந்தத் தடவ நான் பல்லைக் கடிச்சுக்க மாட்டேன். அடியில புகுந்து என்னைப் புரட்டிப் போட்டுட்டு, பாப்பாவைப் பாத்துட்டுப் போங்க மாமா."