தாரை வார்த்த நாழிகை

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் சண்டைக்கு வருவார்கள். ஆகையால் பெயர் வேண்டாம். அந்த நாட்டு ராஜா விசயகண்டர் வீரர், ஈர நெஞ்சர். குறை ஒன்றே ஒன்றுதான். யார் எந்தக் காரியத்தோடு வந்தாலும் "நாளைக்குப் பார்க்கலாம்" என்பார். பிறகு சிம்மாசனத்தில் சாய்ந்து, "பொழுதே போகவில்லையே" என்று கொட்டாவி விடுவார்.

அரண்மனை வாசலில் மனுவோடு வந்தவர்கள் மூன்று நாளாகக் காத்துக் கிடந்தார்கள். நெட்டேரியிலிருந்து வந்த பூவாயியும் அவர்களில் ஒருத்தி. அவள் ஊர் ஏரிக்கரையில் விரிசல் கண்டிருந்தது. வானமோ கறுத்துக்கொண்டு வந்தது. கரை உடைந்தால் நாலு ஊர் மிதக்கும். ராஜா முத்திரை வைக்காமல் கரையில் ஒரு கூடை மண் விழாது. சபையின் விகடன் தாண்டவன் அவளுக்காக ராஜாவிடம் இரண்டு முறை எடுத்துச் சொல்லிப் பார்த்தான். இரண்டு முறையும் "நாளைக்கு" என்றே பதில் வந்தது.

தலைமை அமைச்சர் அனந்தகீர்த்திக்குத் தாண்டவன் என்றாலே வேப்பங்காய். அன்று ராஜா கொட்டாவி விட்டதும், அமைச்சர் சமயம் பார்த்து எழுந்தார்.

"அரசே, தங்கள் பொழுதைப் போக்கத்தானே விகடருக்குச் சம்பளம்? இன்று கதை, பாட்டு, வேடிக்கை, விளையாட்டு எதுவும் இல்லாமல் அவர் அதைச் செய்து காட்டட்டும். உண்மையான திறமை தெரிந்துவிடும்."

ராஜாவுக்கு இது பிடித்துப்போயிற்று.

"தாண்டவா! உனக்கு ஒரு நாழிகை தந்தோம். அதற்குள் எம் பொழுது போக வேண்டும். போகாவிட்டால் நீ நாட்டை விட்டுப் போக வேண்டும்!"

அமைச்சர் மீசையைத் தடவிக்கொண்டார். தாண்டவன் கைகட்டி நின்று கேட்டான்.

"அரசே, அந்த நாழிகையை எனக்கே தந்தீர்களா?"

"தந்தோம் என்றோமே!"

"அரச குலத்தில் எதைத் தந்தாலும் நீர் வார்த்துத்தானே தருவது வழக்கம்?"

ராஜா சிரித்துவிட்டார். சபையின் ஓரத்தில் நாழிகை வட்டில் இருந்தது. அடியில் சிறு துளை போட்ட செப்புக் கிண்ணம் அது. தண்ணீர்த் தொட்டியில் மிதக்க விட்டால், நீர் ஏறி அது மூழ்கும்போது ஒரு நாழிகை. ராஜா தங்கக் கெண்டியை எடுத்து, தாண்டவனின் உள்ளங்கையில் தாரை வார்த்தார். காவலன் கிண்ணத்தை மிதக்க விட்டான்.

அவ்வளவுதான், தாண்டவன் நிமிர்ந்தான்.

"தானமாகத் தந்த நிலத்தில் குடியிருப்பவர்கள், அதைப் பெற்றவனுக்குத்தானே உழைக்க வேண்டும்? இந்த நாழிகை இப்போது என்னுடையது. அரசரும் அமைச்சரும் இதற்குள்தான் இருக்கிறீர்கள். அமைச்சரே, ஏடும் எழுத்தாணியும் எடுங்கள். காவலா, பூவாயியை வரச்சொல்!"

"இது அநியாயம்!" என்று துள்ளினார் அமைச்சர்.

"வார்த்தது நாம். எழுதும்" என்றார் ராஜா.

பூவாயி வந்து விழுந்து கும்பிட்டாள். "சாமி, பத்து நாளைக்கு முன்னாடி அந்த விரிசல்லே என் விரல்தான் உள்ளே போச்சு. இப்போ கையே போவுது. மழை வந்தா நாங்க எங்கே போவோம் சாமி?"

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். "விரிசல் மதகை ஒட்டியா, தள்ளியா? பக்கத்தில் களிமண் கிடைக்குமா?" கேள்வி மேல் கேள்வி கேட்டார். நாற்பது ஆட்கள், இரண்டு யானைகள், இன்றே புறப்பட வேண்டும் என்று முத்திரை வைத்தார். அடுத்து ஓர் ஓடக்காரன் வந்தான். அவனுக்குப் பின்னால் கிணற்று நீருக்காகச் சண்டை போட்ட அண்ணன் தம்பி. ராஜா சிம்மாசனத்தின் நுனிக்கே வந்துவிட்டார். மனிதர் இவ்வளவு கூர்மையானவர் என்று அன்றுதான் பலருக்குத் தெரிந்தது. எனக்கு அவரிடம் பிடித்த இடமும் இதுதான்.

கிண்ணம் மூழ்கியது. காவலன் மணி அடித்தான்.

"அதற்குள்ளா? பொழுது போனதே தெரியவில்லையே!" என்றார் ராஜா.

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவருக்கே உறைத்தது. அமைச்சர் எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டுத் தலை குனிந்துகொண்டார்.

ராஜா மெல்லக் கேட்டார்: "தாண்டவா, இப்படி எத்தனை நாழிகையை நாம் வீணாக்கியிருப்போம்?"

"அதை எண்ண உட்கார்ந்தால் இன்னொரு நாழிகை போய்விடும் அரசே. வாசலில் இன்னும் ஒன்பது பேர் நிற்கிறார்கள்."

ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றித் தாண்டவனுக்குப் போட்டார். போட்ட கையோடு வாசல் பக்கம் திரும்பி, "அடுத்தது யார்? வாருங்கள்!" என்றார்.